கஸ்பாரின் பயம் உப்பளத்துக்குப் போன பருவம்

ரக்பி ஆடுகிறவர்களுக்குக் கூலி கொடுக்கத் தொடங்கிய இரண்டாவது பருவத்தில், எட்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணிக்கு, என் வீட்டுக்காரர் கஸ்பாரின் பயம் அவரை விட்டுக் கழன்று உப்பள அணியின் கொம்பையாவிடம் போய்ச் சேர்ந்தது. எங்கள் துறைமுக நகரத்தில் அதை யாரும் பெரிய சங்கதியாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதற்குள் ஏழு வாரமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஏதேதோ போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தது, ஜனங்களும் மழைக்குக் குடை எடுப்பதுபோல அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள்.

அதற்கு முன்னால் இந்த ஆட்டத்தைக் கம்பெனிகளின் கிளப் மைதானத்தில் சும்மா ஆடினார்கள். ஆடி எலும்பு முறிந்தவனுக்கு வேலைக்குப் போகாத நாளின் கூலியைத் தரமுடியாது என்று கிளப் கைவிரித்துவிட்டதால், துறைமுகத்துக்காரர்களும் உப்பளத்துக்காரர்களும் நூல் மில்காரர்களும் ரயிலடிக்காரர்களும் கோபித்துக்கொண்டு பிரிந்து வந்து, அணிக்குப் பதின்மூன்று பேர் என்று வைத்து, கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் மணல்தரையில் தங்களுக்கென்று ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். பந்து பெரிய பலாக்கொட்டை மாதிரி இருக்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை எதிரணிக்காரன் இடுப்பைக் கட்டி விழத்தாட்டுவான். அதற்குப் பிடி என்று பெயர். பிடித்தவன் கையை விட, விழுந்தவன் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ளுவான், ஆட்டம் தொடரும். இத்தனை பிடியோடு நிறுத்தவேண்டும் என்ற சட்டமெல்லாம் அப்போது கிடையாது. பந்து உங்கள் பக்கம் இருக்கும்வரை விழலாம், எழலாம், மறுபடி விழலாம். அந்த இடைவெளியில்தான், பிடித்தவன் கையை விடுவதற்கும் விழுந்தவன் எழுவதற்கும் நடுவே இருக்கிற ஒரு மூச்சு நேரத்தில்தான், விழுந்தவனிடமிருந்து ஏதோ ஒன்று பிடித்தவனுக்குப் போனது.

முதல் வாரம் ரயிலடி அணியின் ராஜாமணி, தன் ஆயுசில் கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர், வீட்டுக்குப் போய் ஏழு மணிக்கு முழந்தாளிட்டு மாதா பிரார்த்தனையை ஒரு வரி பிசகாமல் சொல்லி முடித்தார். அவர் மனைவி வாசல்படியில் நின்று கேட்டுவிட்டு, சாப்பாடு ஆறுது என்று மட்டும் சொன்னாள். சங்கு குளிக்கிற தொம்மை கடலில் கால் வைக்கப் பயந்து கரையிலேயே உட்கார்ந்திருந்தார், நீச்சலே தெரியாத மில் ஃபிட்டர் ஒருவர் அன்று சாயந்திரம் ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழத்துக்குப் போய் ஒரு வலம்புரிச் சங்கோடு மேலே வந்தார். எங்கள் பக்கத்து வீட்டுத் தெக்லா மதினியின் வீட்டுக்காரர் பர்னபாஸ், துறைமுக அணியின் கேப்டன், பதினாறு வருஷக் குறட்டையை மில் அணியிடம் விட்டுவிட்டு வந்தார். அதை யார் எடுத்துப் போனார்களோ அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து மதினி ஒரு கூடை மஸ்கோத் அல்வா கொண்டுபோய்க் கொடுத்தாள், திருப்பித் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக.

எப்படி, ஏன் என்று ஆண்கள் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, பெண்கள் வேலையைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை, ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் கடற்கரையில், தங்கள் தங்கள் புருஷனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, யாருடையது யாரிடம் போயிருக்கிறது என்று விசாரித்து, இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, இந்தத் தடவை நீ விழு, நீ பிடி என்று மாற்றி விழத்தாட்டி, போனதைத் திரும்ப வாங்கினார்கள். இரண்டு மூன்று திங்களில் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்: விழும்போது ஒருவன் மனசில் எது மேலே மிதக்கிறதோ அதுதான் போகும். அதற்குப் பிறகு ஆட்டத்துக்குக் கிளம்புகிற புருஷனுக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுவிடும்போதே, எதை நினைத்துக்கொண்டு விழவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். பல்வலிக்காரர்கள் பல்வலியை நினைத்துக்கொண்டே பந்தோடு ஓடினார்கள். அவர்களைப் பிடிக்க யாரும் கிட்டே வராததால் அந்தப் பருவத்தில் பந்தோடு எதிரணிக் கோட்டைத் தாண்டி அதிகம் டிரை போட்டவர்கள் அவர்கள்தான். பங்குசாமியாரிடம் இது பாவமா என்று கேட்டதற்கு, தெரியாமல் வந்தது பாவமில்லை, தெரிந்து வைத்துக்கொண்டால்தான் பாவம் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அல்வாக்கூடை விஷயத்தை அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. எங்கள் மகள் ஆக்னஸ் எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டாள், தூங்கும்போது அவளுக்குத் திடீரென்று மூச்சு நின்றுவிடும். யாராவது உள்ளங்காலைச் சுண்டினால் சிணுங்கிக்கொண்டே மூச்சை மறுபடி எடுப்பாள். ஒரு வயது முடிகிறவரை இவள் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் காவல் சம்மனசு, கடவுள் அனுப்புகிற தூதர், உறங்காமல் நிற்கும் என்று கான்வென்டில் சிஸ்டர் சொல்லி வளர்ந்தவள் நான்; சம்மனசுக்கு உள்ளங்காலைச் சுண்டத் தெரியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. இரவு முழுக்க நான், விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை கஸ்பார் என்று முறை வைத்துக்கொண்டோம், துறைமுகத்தில் அவருக்கு இரண்டு மணிக்குத்தான் ஷிப்டு. ஆனால் அவருக்கு இருந்த பயத்தில் முறையெல்லாம் நிற்கவில்லை. என் முறையில் அவரும் எழுந்து வருவார், அவர் முறையில் என்னைத் தட்டி எழுப்பி, ஒன்றுமில்லை எஸ்கலின், மூச்சு விடுகிறாள், அதைச் சொல்லத்தான் எழுப்பினேன் என்பார். எரிச்சலாக வரும். இந்த உலகத்தில் என்னைப்போலவே பயந்துகொண்டு இன்னொரு ஆள் இருந்தது எவ்வளவு பெரிய துணை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எட்டாவது ஞாயிறு நான் ஆக்னஸை மடியில் வைத்துக்கொண்டு மூங்கில் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். கஸ்பார் பந்தோடு ஓரமாக ஓடி வந்தவர், எங்களுக்கு நேராக வந்ததும், அவள் தூங்கிவிட்டாளா என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில்தான் கொம்பையா அவரைக் கட்டினான். வாகை மரம் சாய்ந்ததுபோல இரண்டு பேரும் விழுந்தார்கள். கஸ்பார் எழுந்து, பந்தைக் காலால் தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார். கொம்பையா ஓடவில்லை. உப்பு அரித்து வெள்ளை வெள்ளையாக வெடித்த பாதங்களோடு ஆறடி உயரத்துக்கு நின்று, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்து வந்தவனைப்போலக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். பந்தலில் என்னைப் பார்த்தான். என் மடியைப் பார்த்தான். அதற்குப் பிறகு ஆட்டம் முடிகிறவரை அவன் பந்தையே பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கஸ்பார் நன்றாகத் தூங்கினார். அவர் கெட்டவராகிவிடவில்லை, எங்கள்மேல் பிரியமும் குறையவில்லை, சொல்லப்போனால் கல்யாணமான புதிதில் இருந்ததுபோல லேசாகவும் வேடிக்கையாகவும் ஆகிவிட்டார். பிள்ளையைத் தூக்கி மேலே எறிந்து பிடித்தார், நான் கத்தினால், இவளுக்கு என்ன ஆகும், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள் என்றார். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு எனக்கு விழிப்பு வந்தபோது வீட்டில் அவர் இல்லை. தூளியில் ஆக்னஸின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. சுண்டினேன், மறுபடி சுண்டினேன், நாலாவது தடவை சுண்டியதும் அழுதாள். டீ குடித்துவிட்டு வந்த கஸ்பார், ஒரு தட்டை உடைத்துவிட்டவரைப்போல வருத்தப்பட்டார். நான் அழுததைப் பார்த்து, முன்னால் பயந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது எஸ்கலின், வயிறு நிறைந்த பிறகு பசியை நினைத்துப் பார்ப்பதுபோல இருக்கிறது, அவ்வளவுதான் வருகிறது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

அதற்குப் பிறகு நான் பகலும் தூங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. உப்பளத்தில் வெயிலுக்கு முன்னால், கருக்கலிலேயே வேலையைத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவார்கள். முடித்த கையோடு ஒன்பது மைல் மிதித்து வந்திருந்தான். படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட்டான்.

"தங்கச்சி, பிள்ள மூச்சு விடுதா?"

விடுகிறாள் என்றேன். அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஆறு நாளாக அவன் உப்பை வாரும்போது வாரியபடியே நின்றுவிடுகிறானாம், கூலியாட்கள் குடிசையில் படுத்தால் யாரோ மூச்சு விடாத சத்தம் கேட்கிறதாம். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, கல்யாணமாகவில்லை, ஒரு பிள்ளையைக் கையில் வாங்கியதுகூட இல்லை. நான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஜன்னல் கதவைத் திறந்து வைக்கட்டுமா, இங்கேயிருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன், நின்றால் தட்டுகிறேன், நீ கொஞ்சம் கண்ணை மூடு என்றான். என் முகத்தில் தூக்கமில்லாதது அவனுக்குத் தெரிந்திருந்தது. கஸ்பார் பாயில் படுத்துக் குழந்தைபோல உறங்கிக்கொண்டிருந்தார். நான் பிள்ளைக்குப் பக்கத்திலேயே சரிந்து இரண்டு மணி நேரம் செத்த பிணமாகத் தூங்கினேன்.

இப்படித்தான் அவன் தினமும் வர ஆரம்பித்தான். புருஷன் உள்ளே தூங்க, அன்னிய ஆண்பிள்ளை ஒருத்தன் ஜன்னலுக்குக் கீழே காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தெரு சும்மா இருக்குமா. இரண்டு நாள் குசுகுசுவென்று பேசினார்கள், மூன்றாம் நாள் தெக்லா மதினி தலைமையில் ஏழெட்டுப் பேர் எங்கள் அடுக்களையில் கூடினார்கள். மதினிதான் தீர்ப்புச் சொன்னாள். அங்கே உட்கார்ந்திருப்பது கொம்பையா இல்லை, கஸ்பாரின் பயம். அது அதன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதில் என்ன தப்பு. ஆனால் உடம்பு கொம்பையாவுடையது என்பதால் நிலைப்படியைத் தாண்டக்கூடாது. இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து அவனைத் தாண்டிப் போகிற பெண்கள், என்ன கஸ்பார் அண்ணன் பயமே, சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார்கள். அவனும் வெட்கப்பட்டுக்கொண்டே ஆச்சு என்பான். ஆக்னஸ் விழித்ததும் ஜன்னலுக்குத் தூக்கி வருவேன். அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவன் மீசையைப் பிடிப்பாள். அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை மட்டும் கொடுப்பான்.

திருப்பி வாங்கத்தானே வேண்டும். அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரையும் கடற்கரையில் எதிரெதிரே நிறுத்தினோம். கொம்பையா ஓடி வந்தான், கஸ்பார் பிடித்தார், கொம்பையா விழுந்தான், எழுந்தான். எல்லோரும் கஸ்பாரின் முகத்தைப் பார்த்தோம். அவர் சப்புக்கொட்டிக்கொண்டு, பனங்கிழங்கு தின்னால் நன்றாக இருக்கும்போல இருக்கிறது என்றார். பிறந்ததிலிருந்து பனங்கிழங்கைத் தொடாதவர். மறுபடி விழத்தாட்டினோம். மறுபடியும் பனங்கிழங்கு. மூன்றாம் தடவைக்கு என் புருஷன் பனங்கிழங்கு விற்கிற கிழவியைத் தேடிக் கிளம்பிவிட்டார். கொம்பையா மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் சைக்கிளில் ஏறினான்.

"களவாணிப்பய," என்றாள் மதினி. "வேணும்னே கிழங்க நெனச்சிக்கிட்டு விழுதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் திருப்பித் தர மாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கவனித்துப் பார்த்தேன்: கொம்பையா எவனையும் தன்னைப் பிடிக்கவிடவில்லை. பந்து கைக்கு வந்த மாத்திரத்தில் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டான். நெருப்புத் துண்டைப்போலக் கொடுத்தான். அதனாலேயே உப்பள அணி ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்தது. தனக்கென்று ஒரு டிரைகூட ஆசைப்படாத ஆட்டக்காரன் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவன் எதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறான் என்பது எங்கள் தெருவுக்கு மட்டும் தெரியும்.

அந்த மாசக் கடைசியில் திங்கட்கிழமைக் கூட்டமும் நின்றது. மணலில் விழுந்த ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட, இது ஆட்டத்தில் பட்ட அடியா வீட்டு வேலையில் பட்ட அடியா என்று பெரிய வாக்குவாதமாகி, ஆட்டத்துக்கு வெளியே எவரும் எவரையும் பிடிக்கக்கூடாது, மீறினால் அணியிலிருந்து நீக்கம் என்று கமிட்டி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. மீதமிருந்தது ஒரே ஒரு ஆட்டம், துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே இறுதிப் போட்டி. அதற்கு மறுநாள் கொம்பையா மேற்குக் கரைக்கு ரயிலேறுவதாக இருந்தது, அங்கே புதிதாகத் தொடங்குகிற போட்டிக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவனிடம் நேராகவே கேட்டேன். ஜன்னலுக்கு உள்ளே நான், வெளியே அவன். என் பிள்ளைக்கான பயத்தை எடுத்துக்கொண்டு அத்தனை தூரம் போய் அங்கே என்ன செய்வாய் அண்ணா என்றேன். அவன் சைக்கிள் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான்.

"பாம்பக் கண்டா பயம், மேஸ்திரியக் கண்டா பயம், அதெல்லாம் எனக்காவ நான் படுத பயம், தங்கச்சி. இது அப்படி இல்லல்லா. இது வந்த பொறவுதான் வேல முடிஞ்சா எங்கயோ போவணும்னு தோணுது. அது வரைக்கும் வேல முடிஞ்சா முடிஞ்சதுதான்."

கெஞ்சினேன். பங்குசாமியார் சொன்னதைச் சொன்னேன். அவன், எங்க சாமிகிட்டயும் கேட்டேன், அது ஒண்ணும் சொல்லல என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, கோபம் வந்த அதே நேரத்தில், அவன் போய்விட்டால் இந்தப் படியில் யார் உட்காருவார்கள் என்றும் வந்தது. கஸ்பாரிடம் சொன்னேன், அவர் பனங்கிழங்கு உரித்துக்கொண்டே, நான் அவனைப் பிடிக்கத்தான் பிடிப்பேன், ஆனால் அவன் எதை நினைத்து விழுவான் என்பது என் கையில் இல்லையே என்றார். அதுவும் உண்மைதான்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு, ஆக்னஸுக்கு மூச்சு நின்றது.

நான் தூங்கிக்கொண்டிருந்தேன், கஸ்பாரும் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே அவனுக்குத்தான் கேட்டது, அதாவது கேட்பது நின்றது. ஜன்னலைத் தட்டினான். நான் எழவில்லை, நாள்கணக்கான தூக்கம். தங்கச்சி என்று கூப்பிட்டான். கதவுக்கு ஓடி வந்தான். கதவு திறந்துதான் இருந்தது, ஒரு பழைய சேலைத்திரை மட்டும். திரையை விலக்கினான். தரையில் நான் சேலை விலகித் தூங்குகிறேன், எனக்கு அப்பால் தூளி. ஐந்து எட்டு வைத்தால் போதும். ஒரு காலை நிலைப்படிக்கு மேலே தூக்கிவிட்டான், அந்தக் காலை உள்ளே வைக்க அவனால் முடியவில்லை. திரும்பித் தெருவுக்கு ஓடி, தெக்லா மதினியின் பேரைச் சொல்லி அலறினான். மதினி கையிலிருந்த கரண்டியோடு பாய்ந்து வந்து, என்னைத் தாண்டிக் குதித்து, பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி, உள்ளங்காலில் அடிமேல் அடி அடித்தாள். எனக்கு விழிப்பு வந்தபோது கேட்டது கரண்டி தரையில் விழுந்த சத்தம். அதற்குப் பிறகு ஒரு நீளமான, பாழான அமைதி. அதற்குப் பிறகு ஆக்னஸ் அழுதாள்.

வெளியே வந்தபோது அவன் புழுதியில் உட்கார்ந்திருந்தான். தெரு முழுக்கக் கூடிவிட்டது. மதினிதான் மூச்சு வாங்கிக்கொண்டே, நீ உள்ளே போயிருந்தால் அதற்கும் நாங்கள் நாலு வார்த்தை பேசத்தான் செய்திருப்போம் என்றாள், அப்படிச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கதவு தெறந்துதான் கெடந்துச்சு," என்றான் என்னிடம். "நாலு எண்ணுத நேரம் நின்னுட்டேன், தங்கச்சி. பெத்தவன் நின்னுருப்பானா? உள்ள போலாமா கூடாதான்னு நிக்கவன்கிட்ட இது இருந்து என்னத்துக்கு?"

எழுந்து சைக்கிளை எடுத்தான். ஏறுவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரரை எனக்கு நேரே நிற்கச் சொல்லு என்றான்.

இறுதிப் போட்டிக்கு நகரமே வந்திருந்தது. கலங்கரை விளக்கத்தின் படிகளில்கூட ஆட்கள். எண்பது நிமிஷ ஆட்டத்தில் எழுபது நிமிஷம்வரை கொம்பையா வழக்கம்போலப் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தான். துறைமுகம் இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது பந்து அவனிடம் வந்தது, இந்தத் தடவை அவன் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். பிடிக்க வந்த மூன்று பேரைத் தோளால் தள்ளிவிட்டான், நாலாவது ஆள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் இழுபட்டுக்கொண்டே போனார். முன்னால் வெறும் மணல், அதற்கப்பால் கோடு, கோட்டுக்கு முன்னால் கஸ்பார் மட்டும். கொம்பையாவின் எடையில் பாதிகூட இருக்கமாட்டார் என் வீட்டுக்காரர். ஒரு பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கினால் போதும், டிரை, கோப்பை, உப்பளத்துக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருப்பார்கள். அவன் ஒதுங்கவில்லை. ஓட்டத்தைக் குறைத்தான். கடைசி நாலு எட்டும் நடந்தே வந்தான், எங்கள் பந்தலைப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் எழுந்து ஆக்னஸை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தேன். கஸ்பார் அவன் இடுப்பைக் கட்டினார். அவன் விழுந்தான், ஒரு மனுஷன் தன் பாயில் சாய்வதுபோல விழுந்தான்.

ஒரு மூச்சு நேரம்.

கொம்பையா எழுந்தான், பந்தை வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ளினான். எடுக்க வேண்டியவன் வந்து சேராததால் பந்து மணலில் தனியாகக் கிடந்தது, துறைமுகத்துக்காரர்கள் அதன்மேல் விழுந்தார்கள். உப்பளத்துக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு கொம்பையாவின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் இழுத்துத் திட்டினார்கள். அவன் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நடுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். கஸ்பார் எழவில்லை. விழுந்த இடத்திலேயே முழந்தாளிட்டு எங்களைப் பார்த்தார். தன் அணி கோப்பையை ஜெயித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஆட்டம் முடிகிற விசிலுக்குக் காத்திருக்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, மணல் ஒட்டிய கையோடு பிள்ளையைத் தொடலாமா கூடாதா என்று தவித்துக்கொண்டு நின்றார். நான் அவளை அவர் கையில் வைத்தேன். அவர் அவள் மூக்கருகே காதை வைத்து மூச்சைக் கேட்டார். ஒன்பது வாரப் பயமும் மொத்தமாக அவர்மேல் வந்து இறங்கியிருந்தது.

மறுநாள் மத்தியானம் நான் தூங்கி எழுந்து பார்த்தபோது மணி ஒன்றரை. அவர் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுத் தூளிக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ரயில் மூன்று மணிக்கு. மூன்று பேருமே ஸ்டேஷனுக்குப் போனோம், கொம்பையாவுக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் பொட்டலம் கட்டிக்கொண்டு.

அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், கால்மாட்டில் ஒரு துணிப்பை. எங்களைக் கண்டதும் எழுந்து மரியாதையாகச் சிரித்தான். நடந்ததெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. வீட்டையும் படியையும் மறக்கவில்லை, நான் தந்த தண்ணீரைப் பற்றிக்கூடச் சொன்னான். பொட்டலத்தைக் கொடுத்தேன், எதுக்குத் தங்கச்சி சிரமம் என்று வாங்கிக்கொண்டான்.

ஆக்னஸ் அவனைப் பார்த்துவிட்டாள். என் இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் எக்கி, இரண்டு கையையும் நீட்டி அவன்மேல் பாய்ந்தாள். அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான், முதன்முதலாக. ஆனால் அது ரயிலில் பக்கத்து ஸீட்டுக்காரரின் பிள்ளையை ஒரு நிமிஷம் வாங்கிக்கொள்கிற பிடி. அவள் மீசையைத் தேடினாள். அவன் நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, ரயில் வர்ற மாதிரி இருக்கு என்று என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அழுதாள். சிறுபிள்ளைகள் ரொம்பக் கோபத்தில் அழுவதுபோல வாயைத் திறந்து, முகம் சிவந்து, சத்தமே வராமல், மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்திவிட்டாள்.

நாங்கள் மூன்று பெரியவர்கள் அவளைச் சுற்றி நின்றிருந்தோம். கஸ்பாரின் கை அதற்குள் அவள் உள்ளங்காலில் இருந்தது. கொம்பையா டீக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் வீறிட்டாள். மூச்சு வந்துவிட்டது. கஸ்பார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரயில் வந்தது. கொம்பையா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, எல்லாருக்கும் காட்டுவதுபோல எங்களுக்கும் கையைக் காட்டினான். ஆக்னஸ் என் தோளில் விக்கி விக்கித் தேம்பினாள். வண்டி நகரத் தொடங்கியபோது அவன் திடீரென்று திரும்பி பிளாட்பாரத்தைப் பார்த்தான், எங்களை இல்லை, அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சை, அதன் அடியை. பிறகு துணிப்பையை மடியில் எடுத்து வைத்து வாயை அவிழ்த்தான். சட்டை இருந்தது, துண்டு இருந்தது, இட்லிப் பொட்டலம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான், மறுபடி உள்ளே வைத்தான். வண்டி வளைவு திரும்புகிறவரை எனக்குத் தெரிந்தது, அவன் இன்னும் அந்தப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.